சலித்துக்கொள்ள ஒரு இங்கிலீஷ் வகுப்பு

1

போன செவ்வாய்க்கிழமை லைப்ரரியில் எங்களுக்குச் சலித்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதற்கெல்லாமா ஒரு வாத்தியார் என்று நீங்கள் கேட்பது இங்கே கனடா வரைக்கும் கேட்கிறது. நம்மூர்ப் பிள்ளைகள் தொட்டிலிலேயே படித்து முடித்துவிடுகிற பாடம்தான். ஆனால் இது இங்கிலீஷில் சலித்துக்கொள்வது. அதற்கு முறை வேறு, முகம் வேறு.

டொராண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊருக்கு வந்து இது எனக்கு நாலாவது மார்கழி. மகள் கனி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் கப்பலில் இன்ஜினியர். தூத்துக்குடி ஹார்பரை வேடிக்கை பார்த்து வளர்ந்தவர், இப்போது எந்தக் கடலில் நிற்கிறார் என்பது சில நாள் அவருக்கே தெரியாது. பேத்தி அக்ஷயா ஒன்பதாம் வகுப்பு. கனி வேலைக்குப் போகிற நேரத்தில் அந்தப் பிள்ளைக்குச் சோறு போட ஒரு ஆள் வேண்டும் என்றுதான் என்னை வரவழைத்தார்கள். வந்து பார்த்தால் பிள்ளை சோறே தின்பதில்லை. சரி, டிக்கெட் போட்டு வந்துவிட்டோமே என்று இருக்கிறேன்.

லைப்ரரியில் எங்களைப் போன்ற கிழங்களுக்கு வாரம் ஒரு நாள் இங்கிலீஷ் சொல்லித்தருகிறவள் ஜேனட். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள். சலிப்பைப் பற்றிப் பேச அவளைவிடத் தகுதியான ஆள் யார் இருக்கிறார்கள்? முதல் வகுப்பில் நான் தூத்துக்குடிப் பக்கம் என்று சொன்னதும் போனில் தேடிப் பார்த்து, "முத்து எடுக்கிற ஊரா!" என்று என் காதையும் கழுத்தையும் எட்டிப் பார்த்தாள். நான் பார்த்த முத்தெல்லாம் திருச்செந்தூர்க் கோயில் தெருவில் தொங்குகிற பிளாஸ்டிக் முத்துதான். அதை அவளிடம் சொல்லவில்லை. ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறது.

அன்றைக்கு ஜேனட் போர்டில் ஒரு ஆடு வரைந்தாள். நாங்கள் நாய் என்று நினைத்தோம். கொம்பு போட்டாள். பிறகு ஒரு முளைக்குச்சி, அதிலிருந்து ஆட்டின் கழுத்துக்கு ஒரு கயிறு. கயிறு எட்டின மட்டும் மேய்ந்தாகிவிட்டது, முன்னால் புல் தெரிகிறது, போக முடியாது. "ஐ ஆம் அட் தி எண்ட் ஆஃப் மை ரோப்." இனி தாங்காது என்கிற நிலைமை வந்தால் இப்படிச் சொல்ல வேண்டுமாம். எனக்கு ஆட்டைத் தெரியும். கயிறு முடிந்தால் அது இங்கிலீஷ் பேசிக்கொண்டு நிற்காது. முளையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வீட்டு முருங்கையைத் தின்னப் போய்விடும்.

இன்னும் நிறைய இருந்தது. ஒருவர் நம் உயிரை வாங்கினால், அவர் நம்மைச் சுவர் மேல் ஏற்றுகிறார். பெட்ரோல் இல்லாத வண்டி மாதிரி உடம்பை இழுத்துக்கொண்டு போனால் "ரன்னிங் ஆன் எம்ப்டி". எதுவும் செய்வதற்கில்லை என்றால் தோளைக் குலுக்கி "இட் இஸ் வாட் இட் இஸ்". இதையெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொல்கிறார்கள். மாரில் அடித்துக்கொள்ள வேண்டிய வார்த்தையை, மணி என்ன என்று கேட்கிற மாதிரி.

பிறகு ஆளுக்கொரு வாக்கியம். பஞ்சாபிக்காரி குர்மீத் எழுந்து, "மை டாட்டர் இன் லா டிரைவிங் மீ அப் தி வால்" என்று கண்ணை உருட்டிச் சொன்னாள். ஜேனட் கைதட்டினாள். அடுத்தது நான்.

"தங்கம், உனக்கு என்ன சலிப்பு?"

என் மனதில் ஒன்று இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கனி பேத்தியை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். உள்ளே வந்ததும் அக்ஷயா ஷூவைக்கூடக் கழற்றாமல் என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்: "ஆச்சி, மாம் சிக்னல்ல தூங்கிட்டாங்க. ரெட் லைட். அப்புறம் கிரீன் வந்துச்சு, மாம் எழும்பல. பின்னாடி எல்லாரும் ஹார்ன். ஐ வாஸ் ஸ்கேர்ட்." அந்தப் பிள்ளை பயந்தேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அதை வைத்துக்கொண்டு நான் ஜேனட்டிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

"எவ்ரிதிங் குட். எவ்ரிதிங் ஃபுல்."

குர்மீத் என்னை மேலும் கீழும் பார்த்து, "யூ லையிங், சிஸ்டர்" என்றாள்.

2

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது.

என் மாமனார் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற நம் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். திருநெல்வேலி ரோட்டில், ஹார்பர் லாரிகள் நின்று போகிற இடம். முன்னால் கடை, பின்னால் வீடு. நான் வாழ வந்த முதல் வாரம் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் விலையும் அல்ல, எடையும் அல்ல. கடைக்குள் 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. வந்தால் அதைப் பிடித்துக்கொண்டே மூதேவி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

சீனி தீர்ந்துவிட்டதா? "சீனி வருது அண்ணாச்சி." சோடா ஒன்றுகூடக் கிடையாதா? "சோடா வரும், ஒக்காருங்க." லாரிக்காரர் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போவார். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் கடையை மூட மாட்டோம், எடுத்துவைப்போம். விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம். வீட்டுக்குள்ளும் அதே சட்டம். அரிசிப் பானையின் அடி தெரிந்தால் "அரிசி நெறஞ்சிருக்கு". கனி சின்னப்பிள்ளையில் காலித் தட்டைத் தூக்கிக் காட்டி, "எம்மா, சோறு நெறஞ்சிட்டு, இன்னும் போடு" என்பாள்.

என் மாமியார் சீக்காகிக் கடைசியில் கிடந்தபோது, பார்க்க வந்தவர்கள் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "நல்லாத்தான் இருக்கேன். மூச்சு மட்டும் கொஞ்சம் வரணும்" என்றாள். மூச்சும் அவளுக்குச் சரக்கு மாதிரிதான். வழியில் வந்துகொண்டிருந்தது.

அதனால் இந்த நாட்டில் எனக்கு உடனே புரிந்த ஒரே இடம் கவர்மெண்ட் ஆபீஸ்தான். என் விசா விஷயமாக அக்ஷயா போன் போட்டு ஸ்பீக்கரில் வைப்பாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒருத்தி சொல்வாள், பாட்டு போடுவார்கள், மறுபடி முக்கியம் என்பாள். கடைசியில் ஒரு ஆள் வந்து, "இட் இஸ் இன் ப்ராசஸ்" என்பார். பேத்திக்குக் கோபம் வரும். எனக்கு வராது. சரக்கு வருகிறது என்று சொல்கிறார். நம்ம ஆள்.

பேத்திக்கு மட்டும் இந்தச் சட்டம் தெரியாது. "சாப்பிடுதியாளா?" என்றால் "நோ". "தலைக்கு எண்ணெ வைக்கட்டா?" "நோ." "ஆச்சிகூட கோயிலுக்கு வாறியா?" "நோ, தேங்க்ஸ்." வெள்ளரிக்காய் நறுக்குகிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். இந்தப் பிள்ளை நம்மை விட்டு எங்கேயோ போகிறது என்று இருக்கும்.

3

வகுப்புக்கு மறுநாள் சாயங்காலம் நான் அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கனி வேலை முடிந்து வந்து, யூனிஃபார்மோடு சிங்க் பக்கம் சாய்ந்து நின்று, கூட வேலை பார்க்கிற ஒருத்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில்தான். இது தினமும் நடப்பது. இத்தனை வருஷமாக அந்தப் பேச்சு எனக்கு ஃப்ரிட்ஜ் சத்தம் மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும், காதில் விழாது.

அன்றைக்கு விழுந்தது.

முதலில் கயிறு வந்தது. எனக்குச் சிரிப்பு. அட, நம்ம ஆடு! பிறகு ரன்னிங் ஆன் எம்ப்டி. கத்தியை வைத்துவிட்டேன். பிறகு தோள் குலுங்கியது, இட் இஸ் வாட் இட் இஸ். ஜேனட் போர்டில் எழுதியது எல்லாம் வரிசையாக என் பிள்ளை வாயிலிருந்து வந்தது. குர்மீத் மாதிரி கண்ணை உருட்டிச் சொல்லவில்லை. இந்த ஊர்க்காரி மாதிரி, மணி சொல்கிற மாதிரி சொன்னாள்.

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினாள். "என்னம்மா, பீன்ஸா?"

"ஆமா. என்னளா, ஒரு மாதிரி இருக்க?"

"நல்லா இருக்கேம்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். மாடிப்படிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

எத்தனை வருஷமாக என் முன்னாலேயே நின்று இதைச் சொல்லிக்கொண்டிருந்தாளோ. நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

4

மறுநாள் அவள் சாப்பாட்டு டப்பா கழுவும்போது பிடித்தேன்.

"கனி, ஆர் யூ அட் தி எண்ட் ஆஃப் யுவர் ரோப்?"

டப்பா மூடி கையை விட்டுத் தரையில் ஓடியது. "என்னது?"

"கயிறு முடிஞ்சிட்டான்னு கேக்கேன்."

"எம்மா! ஒட்டுக்கேட்டியா?"

"நீ எங்கிட்டயே நின்னு பேசுனா நான் காத எங்கன கொண்டு வைக்க? ஃப்ரிட்ஜுக்குள்ளயா?"

"லைப்ரரில இதத்தான் சொல்லித் தாராவளா? நான் ஹௌ ஆர் யூ, தேங்க் யூ படிப்பன்னுல்லா நெனச்சேன்."

"அது போன வருசமே முடிஞ்சிட்டு. இப்பம் பெரிய படிப்பு."

சிரித்தாள். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. "அதெல்லாம் சும்மா பேச்சும்மா. இங்கன எல்லாரும் சொல்லுவாவ. இங்கிலீஷ்ல சொன்னா அது ஒண்ணும் செய்யாது."

"தமிழ்ல சொன்னா?"

"தமிழ்ல சொன்னா நெசமாயிரும்."

"சரி. சிக்னல்ல ஒறங்குனியே, அது எந்தப் பாசையில?"

தண்ணீரை நிறுத்தினாள். "அவ சொல்லிட்டாளா? ஒரு நிமிசந்தாம்மா. லேசா கண்ண மூடுனேன்."

"லாரி ரோட்டுல கட வச்சவகிட்ட சொல்லுதியா? ஒரு நிமிசத்துல எத்தன லாரி போவும்னு எனக்குத் தெரியாதா? பிள்ள வேற வண்டியில இருக்கா."

அவள் குனிந்து தரையில் ஓடிய மூடியை எடுத்தாள்.

"லீவு நாளு எதுக்குளா இருக்கு? சனிக்கெழம லீவு, ஞாயித்துக்கெழம லீவுன்னு சொல்லுத. அன்னைக்கும் காலங்காத்தால காரு கண்ணாடியில பனியச் சுரண்டிக்கிட்டு நிக்க."

"ஆள் கொறச்சலும்மா. ஸ்டாஃபிங் ஆபீஸ்லருந்து போன் போட்டு வாறியான்னு கேக்காவ."

"வரலைன்னு சொல்லு."

"கேட்டா எப்படிம்மா இல்லைங்குறது?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அடுக்களையில் என் மாமனார் வந்து நின்ற மாதிரி இருந்தது, வெள்ளை பனியனும் காதில் பென்சிலுமாக.

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். அந்தச் சட்டம் அந்தக் கடையில் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் கடையில் சரக்கு வெளியிலிருந்து வந்தது. இன்றைக்குத் தீர்ந்தால் நாளைக்கு மூட்டை வந்து இறங்கும். ஆஸ்பத்திரியில் சரக்கே இவள்தான். இவள் தீர்ந்தால் எந்த லாரியில் வந்து இறங்குவாள்?

இதை எல்லாம் அவளுக்கு விளக்க எனக்கு வரவில்லை. அதனால் டி.வி. ரிமோட்டை எடுத்துக் காதில் வைத்தேன். "டிரிங் டிரிங். ஹலோ, கேனி? கேன் யூ கம் டுமாரோ மார்னிங்?" ஆஸ்பத்திரியில் அவளைக் கேனி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"எம்மா, என்ன வெளயாட்டு இது?"

"எங்க கிளாஸ்ல இப்படித்தான். சொல்லு. கேன் யூ கம்?"

"ஷுர்" என்றாள், யோசிக்காமல். சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கையில கரண்டி இல்லாமப் போச்சு, இருந்தா ஒண்ணு போட்டுருப்பேன். மறுபடியும். கேன் யூ கம்?"

"லெட் மீ ஸீ."

"சீனி வருதுங்குத. அது ஆகாது. மறுபடியும்."

"ஸாரி, மை டாட்டர் ஹேஸ் ஃபீவர், ஸோ..."

"வாயக் கழுவு! இல்லாத காய்ச்சல எதுக்குளா வீட்டுக்குக் கூப்பிடுத? பொய்யும் வேண்டாம், கதையும் வேண்டாம். வரலன்னு மட்டும் சொல்லு."

அதற்குள் மாடியிலிருந்து அக்ஷயா எட்டிப் பார்த்தாள். "வாட் ஆர் யூ கைஸ் டூயிங்?"

"ஒங்கம்மா 'நோ' படிக்கா. நீதான் இந்த வீட்டுலயே கைகாரி. வந்து சொல்லிக் குடு."

பேத்தி படியில் உட்கார்ந்து சிரித்தாள். "மாம், நோ. தட்ஸ் இட். நோ." வெள்ளரிக்காய் நறுக்குகிற மாதிரியே சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று இல்லை. இதை இவ்வளவு சுலபமாகச் சொல்லுகிற ஒரு ஆளாவது வீட்டில் இருக்கிறதே என்று இருந்தது.

எட்டோ பத்தோ தரம் ரிமோட்டில் கூப்பிட்டிருப்பேன். கடைசியில் கனி, "ஸாரி, ஐ காண்ட்" என்றாள். எறும்புக்குக்கூட அதைவிடச் சத்தம் இருக்கும்.

"இது அவியளுக்குக் கேக்குமா?" என்றேன்.

"கேக்கும்மா" என்றாள். "நான் சொல்லுவனாங்குறதுதான் தெரியல."

5

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிஜ போன் அடித்தது.

கனி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே பேசாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதில் போய் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். குழம்பில் கிண்ட ஒன்றுமே இல்லை, இருந்தாலும் கிண்டினேன்.

"ஹாய்... யா... டுமாரோ?" என்றாள். பிறகு அதே எறும்புக் குரலில், "ஸாரி. ஐ காண்ட்."

எனக்குக் கரண்டி நின்றுவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், நல்ல குரல், எனக்கே கேட்டது. "ஓ, ஓகே ஹனி! நோ வொரிஸ். ஹேவ் எ குட் வீக்கெண்ட்." டக்.

கனி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதாம் போலருக்கு."

"ஏன்னுகூடக் கேக்கல."

"கேட்டுருக்கணுமா?"

"இல்ல..." என்றாள். முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அடிபட்ட மாதிரிதான் இருந்தது. "நான் போகலன்னா அங்கன ஒண்ணும் ஓடாதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேம்மா. இவ்வளவு லேசா விட்டுருவாவன்னா... இத்தன நாளு நான் எதுக்கு..."

பாத்திரம் கழுவுகிற மிஷினில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"என்னால முடியலம்மா."

என் நாக்கு நுனியில் பதில் தயாராக நின்றது. வீட்டுக்குள்ள அப்படிச் சொல்லாதளா, வெளக்கு வைக்கிற நேரம். அதை எங்கேயோ தொண்டைக்குள் தள்ளிவிட்டு, "சரிளா" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான் வேறு ஏதோ சொல்வேன் என்று. "சரி" என்று இன்னொரு தரம் சொன்னேன்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார என் முட்டு விடாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் முழங்காலில் தலையை வைத்து அழுதாள். தலை வறண்டு கிடந்தது. எண்ணெய் வைத்து எத்தனை நாளாயிற்று என்று கேட்க வந்தது. அதையும் கேட்கவில்லை. ஒரே நாளில் எத்தனையைத்தான் விழுங்குவது?

நீங்கள் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். ஒரு சனிக்கிழமையை மீட்டதற்கு இங்கே யாரும் மாலை போடப்போவதில்லை. வருகிற வாரமும் போன் வரும். அவள் ஷுர் என்று சொன்னாலும் சொல்வாள். மருமகன் கப்பலைவிட்டு இறங்கச் சித்திரை ஆகிவிடும். அதுவரைக்கும் வண்டி ஓட்டுவதும் அவள், சம்பாதிப்பதும் அவள். நான் கூட இருக்கிறேன் என்று பெயர், எனக்கு இந்த ஊர் பஸ்ஸில் தனியாக ஏறத் தெரியாது. எல்லாருக்கும் அசதிதான். நான் இங்கிலீஷில் கொஞ்சம் சலித்துக்கொள்ளக் கற்றதனால் அந்த அசதி குறைந்துவிடவில்லை. அதில் என் பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைக்குச் சனிக்கிழமை. ஹால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெயில் வந்துவிட்டது, வெறும் வெளிச்சம்தான், சூடு கிடையாது. தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் கார்க் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு எப்போதோ போய்விட்டார்கள். எங்கள் கார் மட்டும் வாசலில் நிற்கிறது. ராத்திரி விழுந்த பனி அதன் மேல், உப்பளத்தில் குவித்துவைத்த உப்பு மாதிரி, ஒரு கைகூடப் படாமல் அப்படியே கிடக்கிறது.

மேலே கனி உறங்குகிறாள்.